கீ வெஸ்ட் தீவில் வீடில்லாமல் ஒரு குளிர்காலம்: நடைமுறையில் இயலுமா?

வழிப்போக்கன் (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் வட மாநிலம் ஒன்றில் வசிக்கிறேன். வேலை போய்விட்டது, அக்டோபர் இறுதியோடு வீட்டின் வாடகை ஒப்பந்தமும் முடிகிறது. தனி ஆள், கடன் ஏதுமில்லை, கையிருப்பு கொஞ்சம் உண்டு. உடனே இன்னொரு வேலைக்கு அலையும் மனநிலையில் நான் இல்லை. ஆகவே, நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை ஃபுளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவில், ஒரு முதுகுப்பையும் சிறு கூடாரமுமாக, வாடகை என்ற பேச்சே இல்லாமல் வாழ்ந்து பார்க்கலாமா என்று யோசித்து வருகிறேன்.

சுற்றுலாப் பயணியாக ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். மல்லரி சதுக்கத்தில் மாலைதோறும் கூடும் கூட்டத்தின் நடுவே வித்தை காட்டிப் பிழைப்பவர்களையும், கடற்கரை மரநிழலில் சைக்கிளும் மூட்டையுமாகப் படுத்திருந்தவர்களையும் கண்டேன். அவர்கள் முகத்தில் என் அலுவலக நண்பர்களிடம் காணாத ஒரு நிதானம் இருந்ததாகத் தோன்றியது. ஜனவரி மாதத்து இரவிலும் அங்கே வெப்பநிலை சராசரியாக 18 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. பனியில் விறைத்துச் சாகும் அச்சம் இல்லாத ஊரில், கூரை இல்லாமல் இருப்பது அத்தனை பெரிய துன்பமா? எங்கே உறங்குவது, எங்கே குளிப்பது, காவலர்கள் என்ன செய்வார்கள் என்பவற்றை அறிந்தவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தெற்குமுனை:

ஐயா, குளிரைப் பற்றிய தங்கள் கணக்கு சரியானதே. கீ வெஸ்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ்தான். உறைபனி அந்த ஊருக்கு வந்ததே இல்லை. ஆனால், அங்கே தங்களைத் துரத்தப்போவது குளிர் அன்று, சட்டம். ஆகவே அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வீடற்றவர்கள் பொதுவிடத்தில் உறங்குவது போன்ற, வேறு வழியின்றிச் செய்யும் செயல்களுக்காக அவர்களைக் கைது செய்வது அரசமைப்புக்கு முரணானது என்று மயாமி நகருக்கு எதிரான வழக்கில் 1992-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் ஃபுளோரிடா முழுவதிலும் அத்தீர்ப்பின் தாக்கம் இருந்தது. மாற்று இடம் ஒன்றைக் காட்டாமல் ஒருவரைக் கடற்கரையிலிருந்து எழுப்ப முடியாது என்ற நெருக்கடியில்தான் கீ வெஸ்ட் நகரமும் பக்கத்திலுள்ள ஸ்டாக் தீவில், மாவட்டச் சிறையை அடுத்து, இரவுத் தங்குமிடம் ஒன்றை 2004-ல் திறந்தது. அது இரவுக்கு மட்டுமான இடம். விடிந்ததும் வெளியேறிவிட வேண்டும்.

அந்தப் பழைய பாதுகாப்பும் இப்போது இல்லை. மயாமி வழக்கை ஒட்டி அந்நகரம் வீடற்றவர்கள் தரப்போடு செய்துகொண்ட உடன்படிக்கை 2019-ல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2024 ஜூன் 28 அன்று, ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரைப் பற்றிய வழக்கில், பொதுவிடத்தில் படுப்பதற்குத் தண்டனை விதிப்பது அரசமைப்பு தடைசெய்யும் கொடிய தண்டனை ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் ஃபுளோரிடாவில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், பொதுச் சொத்தில் எவரும் வழக்கமாக உறங்கவோ கூடாரம் அடிக்கவோ மாவட்டங்களும் நகரங்களும் இடம் கொடுக்கக் கூடாது என்கிறது. மீறி இடம் கொடுத்தால், 2025 ஜனவரி 1 முதல் அவ்வூர்க் குடிமகனோ கடைக்காரரோ அந்த நிர்வாகத்தின் மீதே வழக்குத் தொடுக்கலாம். ஆகவே, காவலர் இரக்கமுள்ளவராக இருந்தாலும் அவருக்கு மேலே இருப்பவர்களால் கண்டும் காணாமல் இருக்க இயலாது. பதிவும் காப்பீடும் உள்ள வண்டியை முறைப்படி நிறுத்தி அதற்குள் உறங்குவதை அச்சட்டம் விலக்கி வைத்திருக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் நிறுத்துமிடத்துக்கே அடித்துக்கொள்ளும் அத்தீவில் இரவு முழுவதும் முறைப்படி நிறுத்துவதற்கு இடம் வேண்டுமே.

இன்னொன்று. தாங்கள் இன்னும் குடியுரிமை பெறாதவராக இருந்தால், பின்னாளில் நிரப்பப்போகும் விண்ணப்பத்தில் கைதானது உண்டா என்ற கேள்வி இருக்கும். கடற்கரையில் படுத்ததற்காக விதிக்கப்பட்ட சிறு அபராதம்கூட அங்கே விளக்கம் கேட்கும்.

உப்புக்காற்று:

சட்டத்தை மேலே நண்பர் சொல்லிவிட்டார். நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். கீ வெஸ்டின் உணவகம் ஒன்றின் சமையற்கட்டில் சில காலம் வேலை பார்த்தேன். எங்களோடு பாத்திரம் கழுவியவர்களில் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், அலையாத்திக் காட்டின் ஓரத்தில் தார்ப்பாய் கட்டி வாழ்ந்துவந்தார். வேலை இருந்தது, சம்பளமும் இருந்தது, வீடு மட்டும் இல்லை. அவரைப் போன்றவர்கள் அங்கே அரிதல்லர்.

வேலைக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், காலணியைக் கழற்றிக் காலுறைகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூடான மேற்பகுதியில் விரிப்பதுதான். அவருடைய உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்குகளில் சேற்றுப்புண் சிவந்து வெடித்திருக்கும். மழையே பெய்யாத வாரத்திலும் அந்தப் புண் ஆறியதில்லை. காற்றிலேயே உப்பும் ஈரமும் இருப்பதால் துணி எதுவும் முழுமையாகக் காய்வதில்லை. காயாத துணி உராய்ந்த இடமெல்லாம் புண்ணாகிவிடும். கொசுவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கே புலப்படாத மணலீ ஒன்று இருக்கிறது. காற்று அடங்கிய அந்தியிலும் விடியலிலும் கொசுவலையின் கண்களுக்குள்ளேயே நுழைந்து கடிக்கும். சொறிந்த இடத்தில் சீழ் வைக்கும். மணலில் படுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அத்தீவு சுண்ணாம்புப் பாறையால் ஆனது. கடற்கரைகளில் காணும் மணலில் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டது. அதற்கு அப்பால் கூடார முளை இறங்காது.

எல்லாவற்றையும்விடக் கொடியது உறக்கமின்மை. டூவால் தெருவின் மதுக்கூடங்கள் விடியற்காலை நான்கு மணி வரை திறந்திருக்கும். குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதுவரை தெருவில் இருப்பார்கள். படுத்திருப்பவரை எட்டி உதைப்பதை விளையாட்டாகக் கருதுபவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் அடங்கும் நேரத்தில் சேவல்கள் தொடங்கிவிடும். அந்த ஊரில் கோழிகள் தெருவெங்கும் தன்னிச்சையாகத் திரிகின்றன, விடியும்வரை காத்திருக்கும் பழக்கம் அந்தச் சேவல்களுக்கு இல்லை. பொழுது புலர்ந்தால் துப்புரவுப் பணியாளர்கள், அவர்களை அடுத்துக் காவலர்கள். எங்கள் பாத்திரக்காரர் நின்றுகொண்டே கண்ணயர்ந்து தட்டுகளைக் கைநழுவ விட்டதை நான் பார்த்திருக்கிறேன். தாங்கள் கடற்கரையில் கண்ட நிதானம், பெரும்பாலும் தூக்கம் கெட்டவன் முகத்தில் படியும் மந்தம்தான் என்று எண்ணுகிறேன். கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க.

குளிப்பதற்கு வழி உண்டு. ஸ்மாதர்ஸ், ஹிக்ஸ் கடற்கரைகளில் திறந்தவெளிக் குளியல் குழாய்கள் இருக்கின்றன. உப்பைக் கழுவிக்கொள்ளலாம், ஆடை களைந்து சோப்பு போட முடியாது. கழிப்பறைகள் இரவில் பூட்டப்படும். பகற்பொழுதில் ஃபிளெமிங் தெரு நூலகம் நல்ல புகலிடம். முதுகுப்பைதான் பெருந்தொல்லை: புதரில் ஒளித்துவைத்தால் திருட்டுப் போகும், அல்லது குப்பையோடு அள்ளப்படும்; சுமந்து திரிந்தால் எந்தக் கடைக்காரரும் ஒரே பார்வையில் தங்களை இன்னாரென்று முடிவுகட்டிவிடுவார்.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுலாப் பயணிகள் தெருவில் இருப்பவருக்கு ஒருவேளைச் சாப்பாடு வாங்கித் தருவதைவிட ஒரு கோப்பை பீர் வாங்கித் தருவதில் மகிழ்ச்சி அடைகிறார்கள். குடிக்காதவராகவே அங்கே வந்து, பேச்சுத்துணைக்காகத் தொடங்கி, அதிலிருந்து மீளாதவர்களின் கதைகள் சமையற்கட்டில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

வழிப்போக்கன்:

இருவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் விளங்கவில்லை. வேலையும் சம்பளமும் உள்ள ஒருவர் ஏன் அலையாத்திக் காட்டில் வாழ வேண்டும்? அது அவர் விரும்பித் தேர்ந்த வாழ்க்கையாக இருக்கக் கூடாதா? மேலும், நகரத்துக்குள் இல்லாமல் தீவின் ஒதுக்குப்புறத்தில் எவர் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டால் இத்தனை தொல்லைகளும் குறையும் அல்லவா?

பவளத்திட்டு:

ஒதுக்குப்புறம் என்று ஒன்று அங்கே இல்லை என்பதே தங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. தீவின் நீளம் ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் கடற்படைக்கும் விமான நிலையத்துக்கும் போக எஞ்சிய நிலத்தில் ஏறத்தாழ 26,000 பேர் வசிக்கிறார்கள். அதற்கு மேல் விடுதிகளும் கப்பல் பயணிகளும். பெருநகரம் ஒன்றில் பாலத்தடியிலோ பாழடைந்த ஆலையிலோ ஒருவர் மறைந்துகொள்ள இயலும். இங்கே வெறுமனே கிடக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் உரிமையாளர் இருக்கிறார். அவர் அதன் விலையையும் அறிவார்.

முதல் கேள்விக்கு வருவோம். கீ வெஸ்ட் அடங்கிய தீவுத் தொடரை நிலப்பரப்போடு இணைப்பது ஒரே நெடுஞ்சாலை. கீ வெஸ்டிலிருந்து ஃபுளோரிடா சிட்டி வரை சுமார் 200 கிலோமீட்டர். சூறாவளி வந்தால் அந்த ஒற்றைச் சாலை வழியாக மக்கள் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் வெளியேறிவிட முடிய வேண்டும் என்ற கணக்கின்படியே அங்கே புதிய வீடுகளுக்கு அனுமதி அளந்து கொடுக்கப்படுகிறது. வீடுகள் பெருகுவதில்லை, இருப்பவையும் சுற்றுலா விடுதிகளாக மாறுகின்றன. ஆனால் அவ்விடுதிகளில் படுக்கை விரிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆட்கள் வேண்டும். 2025 செப்டம்பர் 30 முதல் ஃபுளோரிடாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலர். அக்கூலியை வைத்துக்கொண்டு அத்தீவில் தனியறை பிடிப்பது ஏறக்குறைய நடவாத காரியம். ஆகவே சிலர் ஸ்டாக் தீவில் பலரோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள், சிலர் நங்கூரமிட்ட பழைய படகுகளில் வசிக்கிறார்கள், எஞ்சியவர்கள் தார்ப்பாய்க்கு அடியில். விருப்பத் தேர்வு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கீ வெஸ்ட் நகராட்சி திவாலாகி, 1934 ஜூலையில் தன் அதிகாரங்களை மாநில ஆளுநரிடம் ஒப்படைத்தது. ஊரில் பெரும்பாலோர் அரசின் நிவாரணத்தை நம்பியிருந்தனர். அவர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பதற்காக, ஜூலியஸ் ஸ்டோன் என்ற நிவாரண அதிகாரி தீட்டிய திட்டத்தின்படிதான் அவ்வூர் சுற்றுலாத் தலமாகத் திட்டமிட்டு மாற்றப்பட்டது. ஏழைகள் தங்கள் ஊரிலேயே வாழ வேண்டும் என்பதற்காகக் கொண்டுவரப்பட்ட தொழில், இன்று ஏழைகளுக்கு அவ்வூரில் இடமில்லாமல் செய்துவிட்டது.

சூறாவளியைத் தாங்கள் குறிப்பிடவே இல்லை. பருவம் நவம்பர் 30 வரை நீடிக்கும். 2024 நவம்பர் முதல் வாரத்தில் ரஃபேல் சூறாவளி கியூபாவைத் தாக்கச் சென்றபோது கீ வெஸ்டிலும் புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 10 அன்று இர்மா சூறாவளி கரையேறிய கட்ஜோ தீவு, கீ வெஸ்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. இவை அனைத்தையும்விட, 1935 செப்டம்பர் 2 அன்று இத்தீவுத் தொடரைத் தாக்கிய சூறாவளியை நினைவில் கொள்க. முதல் உலகப் போரில் பங்கேற்று, பின்னர் வேலையின்றி அலைந்த வீரர்களை அரசு இத்தீவுத் தொடருக்குக் கொண்டுவந்து, சாலை அமைக்கும் பணியில் ஈடுபடுத்தி, மெல்லிய கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் தங்கவைத்திருந்தது. அவர்களை மீட்க அனுப்பப்பட்ட ரயில் காலங்கடந்தே வந்து சேர்ந்தது. அதன் பெட்டிகளையும் கடல் புரட்டிப்போட்டது. இறந்தவர்கள் 400-க்கும் மேல், அவர்களில் பெரும்பகுதியினர் அந்த வீரர்கள். வீடுள்ளவர் செய்தியைக் கேட்டு வண்டியில் ஏறிவிடுவார். கைப்பேசிக்கு மின்னேற்ற வழியில்லாமல் அலையாத்திக் காட்டில் கிடப்பவரிடம் யார் போய்ச் சொல்வது?

தெற்குமுனை:

வழிப்போக்கன் ஐயா, தங்களுக்கு வேண்டியது வாடகையில்லாத வெதுவெதுப்பான ஒரு குளிர்காலம் என்றால், அதற்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒன்று உண்டு. ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களில் தங்கிப் பணிபுரியும் தன்னார்வலர் திட்டம் இருக்கிறது. வாரம் குறைந்தது 20 மணி நேரம் வேலை செய்தால், கூடாரமோ இழுவை வண்டியோ நிறுத்தும் இடத்தை வாடகையின்றித் தருவார்கள். குளியலறை, மின்சாரம் எல்லாம் உண்டு. இந்தத் தீவுத் தொடரிலேயே பாகியா ஹோண்டா, லாங் கீ, கர்ரி ஹேமக் ஆகிய பூங்காக்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் போட்டி கடுமை. ஆகவே இவ்வாண்டே இடம் கிடைக்கும் என்று எண்ணாமல், வடக்கே உள்ள பூங்காக்களுக்கும் சேர்த்து எழுதுக. பணம் கட்டித் தங்குவதானால், ஃபுளோரிடாவில் வசிப்பவர்கள் 11 மாதங்களுக்கு முன்பும் தங்களைப் போன்ற வெளிமாநிலத்தார் 10 மாதங்களுக்கு முன்பும் பதிவு செய்யலாம். பாகியா ஹோண்டாவில் ஜனவரி மாத இடங்கள் பதிவு திறந்த அன்று காலையிலேயே தீர்ந்துவிடும் என்பதால், கணினியின் முன் நேரத்தோடு உட்காருவது நல்லது.

உப்புக்காற்று:

அதோடு, உணவக வேலைக்கு வரும் எண்ணம் இருந்தால், தங்குமிடம் தருகிறார்களா என்பதை நேர்காணலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில விடுதிகள் பணியாளர்களுக்கென்று அறை வைத்திருக்கின்றன. வாய்மொழியாகச் சொன்ன அறை, நேரில் போய் இறங்கியதும் காணாமல் போவதும் உண்டு. காலணி இரண்டு இணை வேண்டும். ஒன்று காயும்போது மற்றொன்றை அணிய.

வழிப்போக்கன்:

பூங்காத் திட்டத்துக்கு இன்று மாலையே விண்ணப்பிக்கிறேன். இழுவை வண்டி இல்லாமல் கூடாரத்தோடு மட்டும் வருபவரை எந்தெந்தப் பூங்காக்கள் ஏற்றுக்கொள்கின்றன என்பதை அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கவும்.