"செட்" என்று சொல்லி மாட்டிய கதை இருந்தால் எழுதுங்கள், சேலம்காரர்களே

குகைக்காரன்:
தங்கச்சி வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம். சாயங்காலம் வண்டிக்கடைக்குக் கூட்டிப் போய், "ரெண்டு செட்டு போடுங்கண்ணா" என்றேன். மாப்பிள்ளை உடனே, "எனக்கு வேண்டாம் மச்சான், மத்தியானம்தான் தோசை சாப்பிட்டேன்" என்கிறார்! மனுசன் செட் தோசையில் இருக்கிறார். கடைக்காரர் கை தட்டுவடைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது, கேரட்டும் பீட்ரூட்டும் பாதி விழுந்தபடி. "சாருக்கு எந்த ஊருங்க?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கொடுத்ததும் மாப்பிள்ளை விடவே இல்லை, அது வேறு.

ஏற்காட்டுப் பையன்:
எங்களுடையது காப்பித் தோட்டம். பூ மழை பெய்து பூ விரிந்தால் மட்டும் போதாது, அடுத்த மழையும் வந்தால்தான் பிஞ்சு நிற்கும், அதைத்தான் செட் ஆவது என்போம். அந்த வருஷம் இரண்டாவது மழை ஏமாற்றிவிட்டது. கடன் விஷயமாக வந்த அதிகாரியிடம் அப்பா, "இந்த வாட்டி செட்டே சரியில்லைங்க சார்" என்று புலம்ப, அவர் நேரே குட்டைக்கரைக்குப் போய் மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "எத்தனை எச்பி?" அப்பாவும் மரியாதைக்கு, "மூணுங்க சார்" என்று சொல்லித் தொலைத்தார். குறிப்பில் 'மோட்டார் பழுது' என்று ஏறிவிட்டது.

இளம்பிள்ளை தறி:
காலேஜ் நண்பன் சென்னையிலிருந்து வந்திருந்தான். காலையில்தான் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி, இங்கே எவ்வளவு படம் எடுத்தார்கள் தெரியுமா என்று பெருமை பேசியிருந்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா, "அப்பா செட்டுல இருக்காருப்பா, ராத்திரிதான் வருவாரு" என்றார். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "என்ன படம் ஆன்ட்டி?"

அஸ்தம்பட்டி டீச்சர்:
தம்பி இளம்பிள்ளை, உங்கள் கதை இங்கே சேராது. தறி ஓடுவது ஷெட், அதாவது கொட்டகை. பம்புசெட்டில் வருவதுதான் செட். வாயில் இரண்டும் செட்டு ஆகிவிட்டதால் வந்த குழப்பம். ஆங்கிலத்திலேயே இது லேசுப்பட்ட சொல் இல்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு 430 பொருள். பிற்பாடு 'ரன்' வினைச்சொல் 645 பொருளோடு முந்திக்கொண்டது. சூரியன் மறைவதும் செட், சிமெண்ட் இறுகுவதும் செட், அலாரம் வைப்பதும் செட், உடைந்த எலும்பைச் சேர்ப்பதும் செட். பிள்ளைகளுக்கு நான் சொல்வது, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், பின்னால் ஒட்டும் சொல்லைப் பாருங்கள். செட் அப் என்றால் நிறுவுவது, செட் ஆஃப் என்றால் கிளம்புவது, செட் இன் என்றால் மழையோ குளிரோ பிடித்துக்கொள்வது. இறந்த காலத்திலும் உருவம் மாறாது, ஆகையால் 'ஹி செட்' என்றால் நடந்து முடிந்தது, 'ஹி செட்ஸ்' என்றால் வழக்கமாகச் செய்வது. தினம் ஐந்து வாக்கியம் எழுதிப் பாருங்கள்.
என் அனுபவமா? "கொஸ்டின் பேப்பர் செட் பண்ணிட்டேன்" என்று போனில் சொன்னதைக் கேட்டு, மருமகள் ஆள் பிடித்து ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்று மாமியார் சாமி ரூமுக்குப் போய்விட்டார்.

குகைக்காரன்:
மிஸ், மாமியார் கதையை முதலில் எழுதியிருக்கலாம். ஐந்து வாக்கியம் யார் கேட்டது?

இளம்பிள்ளை தறி:
டீச்சர், ஷெட்டோ கொட்டகையோ, எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் செட்டுதான். கதை இங்கேயேதான் இருக்கும்.

ஜங்ஷன் அக்கா:
சண்டையை விடுங்கப்பா. தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து பதிலுக்குக் காத்திருக்கிறோம், தரகர் போன் செய்து "செட் ஆயிடுச்சும்மா" என்றார். அப்பா ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி எதிர்வீட்டுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். தரகர் சொன்னது அவருடைய புது போனில் வாட்ஸப் வேலை செய்ய ஆரம்பித்ததை. பெண் வீட்டில் இன்னும் வாயே திறக்கவில்லை, எதிர்வீட்டுக்காரம்மா தினமும் தேதி கேட்கிறார்.