பதில்: டபுள் பேன் ஜன்னல் ‘ஃபாகிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு கண்ணாடித் தகடுகளை நடுவில் வெளி விட்டு விளிம்பில் மூடிய ‘டபுள் பேன்’ ஜன்னல் ஈரத்தால் மங்குவதை ஆங்கிலத்தில் ‘ஃபாகிங்’ என்கிறார்கள். அதற்கும் அதைச் சார்ந்த சொற்களுக்கும் தமிழ் தேடுவதுதான் இந்த இழை. கீழே > குறியிட்டவை மற்ற நண்பர்கள் எழுதியவை. இழையில் இதுவரை வந்த மங்கல், மூட்டம், பனிமூட்டம் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை வைத்துச் செய்த சொற்கள். ஆனால் ஜன்னல் மங்கிவிட்டதே என்று கவலைப்படும் வீட்டுக்காரருக்கு முதலில் தெரிய வேண்டியது, ஈரம் கண்ணாடியின் எந்த முகத்தில் நிற்கிறது என்பது. அதைப் பொறுத்துச் செய்ய வேண்டிய வேலையே மாறுகிறது. எனவே ஒரே சொல் போதாது என்பது என் கட்சி.

> ‘இரட்டைக் கண்ணாடி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகவும் புரியும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியிலும் இரண்டு தகடுகள்தான். காரின் முன்கண்ணாடி அந்த வகை. நாம் பேசும் பொருளில் விஷயமே நடுவில் உள்ள வெளிதான்: பெரும்பாலும் 12 முதல் 16 மி.மீ., அதில் உலர்ந்த காற்று அல்லது ஆர்கான் வாயு. ஆர்கான் கடத்தும் வெப்பம் காற்று கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ‘இடைவெளிக் கண்ணாடி’ என்கிறேன். மூன்று தகடு என்றால் ‘ஈரிடைவெளிக் கண்ணாடி’. ‘காப்புக் கண்ணாடி’ என்று ஒருவர் எழுதியிருந்தது காதுக்கு இனிமைதான், ஆனால் அதை உடையாத பாதுகாப்புக் கண்ணாடி என்று எடுத்துக்கொள்ள நிறையப் பேர் இருப்பார்கள். (தாமஸ் ஸ்டெட்சன் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1865-இல். நாம் இப்போதுதான் பெயர் வைக்க உட்கார்ந்திருக்கிறோம்.)

> ஃபாகிங் = பனிமூட்டல்?

அறைப் பக்கம் ஈரம் படிந்தால் ‘கண்ணாடி வியர்க்கிறது’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளலாம்: அகவியர்ப்பு. அறை 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், கண்ணாடி முகம் சுமார் 9 டிகிரிக்குக் கீழே போனதும் வியர்க்கும். ஜன்னல்மேல் குற்றமில்லை, சமையலும் குளியலும் துணி உலர்த்தலும் சேர்ந்து அறையில் ஈரத்தை ஏற்றிவிட்டன. துடைத்துவிட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் போதும். வெளிப்பக்கம் படிந்தால் புறவியர்ப்பு. வானம் தெளிந்த இரவில் வெளித்தகடு மேலே வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோகிறது, உள்ளே இருக்கும் வெப்பம் அதை எட்டுவதில்லை. கண்ணாடி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கு இது அடையாளம். வெயில் ஏறினால் போய்விடும்.

இரண்டு பக்கமும் துடைத்த பிறகும் மங்கல் அப்படியே இருக்கிறதா? அப்போது ஈரம் நடுவில். இதற்கு ‘நீர்கோத்தல்’ என்பேன். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்பது போல, போகக் கூடாத இடத்தில் நீர் சேர்ந்துவிட்டது. (‘நீர்க்கோப்பு’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், கணினிக்காரர்கள் திறந்து பார்க்க முயல்வார்கள்.)

> சீல் உடைவது = முத்திரை முறிவு

இதை நான் ஏற்கவில்லை. முத்திரை என்றால் அரக்கும் அஞ்சலும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அடைப்பு, அதுவும் விளிம்பில்: ‘விளிம்படைப்பு’. உள்வரிசையில் பியூட்டைல், அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கோன் என, ரப்பர் போன்ற ஒட்டுப் பொருள்களால் இரண்டு கட்டு. இரண்டு தகடுகளையும் பிரித்து நிறுத்தும் ஸ்பேசருக்குள் ஈரமுறிஞ்சி மணிகள். மணிகளின் நுண்துளை 3 ஆங்ஸ்ட்ராம் அளவு (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). நீர் மூலக்கூறு நுழையும், ஆர்கானும் நைட்ரஜனும் நுழையா. பகலில் வெயில் பட்டு உள்வாயு விரிந்து அடைப்பைத் தள்ளுகிறது, இரவில் சுருங்கி உள்ளே இழுக்கிறது. இந்த இழுபறியில் ஆண்டுக்கணக்கில் அடைப்பு தளர்ந்து ஈரம் கசிகிறது. மணிகள் தாக்குப்பிடிக்கும் வரை குடித்துக்கொண்டே இருக்கும், நிரம்பிய பிறகுதான் நமக்கு மங்கல் தெரியும். அதற்குள் அடைப்பு விட்டுப்போய் வெகு நாள் ஆகியிருக்கும். இந்த நிலையில் வெளியே சிலிக்கோன் பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைவைப்பதாகத்தான் முடியும். ஜன்னல் சட்டத்தின் அடியில் நீர் வடிய விட்ட துளைகள் (‘வடிதுளை’ போதும்) தூசியால் அடைத்துக்கொண்டால் கண்ணாடி விளிம்பு தண்ணீரிலேயே நிற்கும், அடைப்பு இன்னும் சீக்கிரம் போகும். அவற்றை அவ்வப்போது குத்திவிடுவது நல்லது.

> ‘கண்ணாடிப் புரை’ – கண்புரை போல

இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த சொல் இது, ஆனால் எல்லா மங்கலுக்கும் பயன்படுத்தி வீணாக்க வேண்டாம். நீர்கோத்தல் முதலில் வந்து வந்து போகும். காலையில் தெரியும், மதியம் மறையும். பல காலம் நனைந்து காய்ந்தால் நீர் கண்ணாடியிலிருந்தே காரப் பொருளைக் கரைத்தெடுத்து வெண்படலமாக விட்டுவிடும். அது ஈரம் போனாலும் போகாது. புரை என்பதை இதற்கு ஒதுக்கலாம். கண்புரைக்கு வில்லையை மாற்றிக் கண்ணை வைத்துக்கொள்வது போல, இங்கேயும் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றிச் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். சட்டத்தோடு முழு ஜன்னலையும் மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று கேட்க இந்தச் சொல்லே துணிவு தரும்.

தகட்டில் சிறு துளையிட்டு உலர்த்தும் முறைக்குத் தனிச்சொல் தேவையில்லை, ‘துளையிட்டு உலர்த்தல்’ போதும். பார்வை தெளியலாம். ஆனால் போன ஆர்கான் திரும்பாது, புரை இருந்தால் அதுவும் போகாது. டஃபன்டு கண்ணாடியில் (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவேற்றியது) துளையிட்டால் நொறுங்கிவிடும்.

மிச்சம் ஸ்பேசர். ‘இடைச்சட்டம்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். ஜன்னல் சட்டத்தோடு குழம்பும் என்பதால் ‘இடைப்பட்டை’ என்று மாற்றப் பார்க்கிறேன். செய்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் பல கண்ணாடிகளில் அதன்மேல்தான் அச்சாகியிருக்கும், உத்தரவாதம் கேட்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். ‘இடைப்பட்டையில் தேதி பாருங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியுமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.