நின்று நின்றே கெடும் என்ஜின்: எண்ணெய்க் கசிவு அள்ளும் படகுகளில் எங்கள் அனுபவம்

காசிமேட்டிலிருந்து

கடலில் கொட்டிய எண்ணெயை அள்ளும் படகுகளில் பதினோரு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். இந்த வேலையைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை. நான் தொடங்கி வைக்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

மீன்பிடி விசைப்படகின் என்ஜின் ஓடி ஓடித் தேயும். எங்களுடையது நின்று நின்றே கெடும். வருடத்தில் பெரும்பாலான நாள் ஜெட்டியில் கட்டிக் கிடக்கிற படகு, தகவல் வந்ததும் கிளம்பிப் போய் அன்றைக்கே முழுத் திறனோடு உழைக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் உப்புக்காற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும். கொட்டிய எண்ணெய் 196.4 டன் என்று கடலோரக் காவல்படை பின்னர் மதிப்பிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களின் மடக்கில் கசடு வந்து தேங்கிவிட்டது. கப்பல் எரிபொருள் எண்ணெய் அலையில் அடிபட்டுக் கடல்நீரோடு கலந்தால் தார்க்குழம்பாக இறுகிவிடும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்றாலும் பம்ப்புக்கு அது தண்ணீர் இல்லை. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளின் குழாய்களே திணறின. மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். நானும் அந்த வரிசையில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற பையன், "இந்தக் காலத்தில் இதற்கு ஒரு மெஷின்கூட இல்லையா அண்ணா?" என்று கேட்டான். நான் மெக்கானிக் என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மெஷின் இருக்கிறது. ஸ்கிம்மர் என்போம். எங்களிடம் இருப்பது வட்டத் தட்டுகள் சுழலும் வகை. தட்டின் மேல் எண்ணெய் ஒட்டிக்கொண்டு மேலே வரும், பக்கத்தில் இருக்கும் வழிப்பான் அதை வழித்துத் தொட்டியில் விடும். தோசைக்கல்லில் ஒட்டிய மாவைத் திருப்பியால் வழிப்பது மாதிரிதான். ஆனால் கற்களுக்கு நடுவே, பிளாஸ்டிக்கும் கடற்பாசியும் சிக்கிய கசட்டில் அதை இறக்க முடியாது. எண்ணெய் கடலில் மிதக்கும்போதே, இறுகுவதற்கு முன் அள்ளிவிட வேண்டும். அதற்குக் கிடைப்பது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தில் மெஷின் நின்றுவிட்டால் கரையில் இருப்பவன் வாளியைத் தூக்க வேண்டும்.

சில வருடம் கழித்து வேறொரு துறைமுகத்தில், ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் படகில் பொறுப்பேற்றேன். பதிவேட்டைத் திறந்தால் ஒவ்வொரு வாரமும் "பவர் பேக் 10 நிமிடம் ஓடியது, சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஒரு வாரம்கூட விடுபடவில்லை. ஸ்கிம்மருக்கு ஹைட்ராலிக் அழுத்தம் தருவது இந்த டீசல் பவர் பேக்தான். முதல் மாதம் நானும் அப்படியே எழுதினேன். ஒத்திகை நாளில் ஸ்கிம்மரைக் கடலில் இறக்கி நெம்புகோலைத் தள்ளியதும் ஹைட்ராலிக் பம்ப்பிலிருந்து, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம் வந்தது. தட்டுகள் இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டன. தொட்டியின் அளவுக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய ஹைட்ராலிக் ஆயில் மோர் நிறத்தில் இருந்தது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தேட ஒரு நாள் ஆயிற்று. தொட்டியின் மேலே மூச்சு விடும் மூடி ஒன்று உண்டு. அதன் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தது. தினமும் காலையில் தளத்தைக் குழாய் பிடித்துக் கழுவுவார்கள். கழுவும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வழியே இறங்கியிருக்கிறது. ஒரு டீ விலைகூட இல்லாத வளையம்! ஆயில் முழுவதையும் வடித்து, வடிகட்டியை மாற்றி, புது ஆயில் ஊற்றி ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றினேன். நல்லவேளையாக அன்று நடந்தது ஒத்திகை.

சுமை இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டினால் எந்தக் குறையும் வெளியே தெரியாது. ஆயிலும் சூடேறாது, அதில் இருக்கும் ஈரமும் ஆவியாகாது. டீசல் என்ஜினும் சரியாகச் சூடாகாமல் கரி பிடிக்கும். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் ஸ்கிம்மரைத் தண்ணீரில் இறக்கி, ஆயில் தொட்டியில் கை வைத்தால் சூடு தெரியும்வரை ஓட்டுகிறேன். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு என்று எண்ணாக எழுதுகிறேன். "சரி" என்ற சொல்லைப் பதிவேட்டில் எழுதுவதே இல்லை.

என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் உறிஞ்சும் பம்ப்பில் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம், அதாவது இம்பெல்லரும் இப்படித்தான். என்ஜின் ஓடாமல் கிடந்தால் இதழ்கள் வளைந்த நிலையிலேயே படிந்துவிடும், திடீரென ஓட்டும்போது முறியும். இதழ் முறிந்த இம்பெல்லரை மாற்றினால் மட்டும் போதாது. துண்டு எங்கே என்று தேடி எடுக்க வேண்டும். பெரும்பாலும் கடல்நீரால் என்ஜினின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய் வாயில்தான் போய் அடைத்துக்கொண்டிருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து

அண்ணா, அந்த மோர் நிறத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் வாக்ஸ் மாக்சிமா என்ற தூர்வாரும் கப்பல், நின்றுகொண்டிருந்த மரின் ஆனர் என்ற எரிபொருள் கப்பலில் மோதி, ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கொட்டியது. செந்தோசா கடற்கரை வரை கறுத்துவிட்டது. துப்புரவுக்குப் போன வேலைப்படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் அப்போது இருந்தேன். படகுகள் எண்ணெய்க்குள்ளேயே ஓடுவதால் என்ஜினைக் குளிர்விக்க உறிஞ்சும் கடல்நீரோடு எண்ணெயும் உள்ளே வந்துவிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் படலமாகப் படியும். என்ஜின் வெப்பம் காட்டும் முள் ஒரேயடியாக ஏறாது, நாளுக்கு இரண்டு டிகிரி என்று ஏறும். படகோட்டி கவனிக்க மாட்டார். வரும் ஒவ்வொரு படகிடமும் நேற்றைய வெப்பநிலை என்ன என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

எண்ணெய் பரவாமல் கடலில் வளைத்துக் கட்டும் மிதவைத் தடுப்புகளைக் கழுவுவதுதான் பெரிய வேலை. சூடான தண்ணீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும். கழுவிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்துக் கழிவாக அனுப்ப வேண்டும். இரண்டு துண்டுத் தடுப்புகள் சேரும் இணைப்பில் எண்ணெய் காய்ந்து இறுகிவிட்டால் அடுத்த முறை மாட்டவே வராது. பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்திருக்கிறேன்.

எண்ணூரிலிருந்து

தம்பி, எனக்குப் பெரிய படகு அனுபவம் இல்லை. ஃபைபர் படகுகளின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைத்தான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தது. எங்கள் பிள்ளைகள்தான் சொந்தப் படகில் போய் மக்கில் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். மோட்டாரைக் குளிர்வித்த தண்ணீர் வெளியே பீச்சும் சிறு துளையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கழற்றினால் இம்பெல்லர் உப்பிப்போய், விரலால் அமுக்கினால் ஊறவைத்த அப்பளம் மாதிரி அமுங்கியது. நான் உதிரிப் பாகத்துக்கு மட்டும்தான் காசு வாங்கினேன். கடலுக்குப் போகாமல் வருமானம் இழந்து நிற்பவனிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் பேரன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கிறான். இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து உண்டா? ஒளிக்காமல் சொல்.

காசிமேட்டிலிருந்து

உண்டு அண்ணா, மறைக்க மாட்டேன். கனமான எண்ணெயைவிடப் பெட்ரோல் போன்ற இலேசான எண்ணெய் கொட்டினால்தான் எனக்குப் பயம். அதன் ஆவியைக் காற்றோடு இழுத்தால் டீசல் என்ஜின் தறிகெட்டு ஓடும், எரிபொருளை அடைத்தாலும் நிற்காது. காற்று நுழையும் வழியையே மூடினால்தான் நிற்கும். அதற்கென்று ஒரு அடைப்பு மூடி வைத்திருக்கிறோம். வாயு அளக்கும் கருவியைப் பார்க்காமல் அந்தப் பகுதிக்குள் படகை விடுவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மூடியை என் கையாலேயே இழுத்து என்ஜினை நிறுத்திப் பார்க்கிறேன், இறுகிப் போய்விடக் கூடாது என்பதற்காக.

நானும் அதே படிப்புத்தான். பேரனை ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அனுப்புங்கள், அன்று ஸ்கிம்மரை இறக்குவோம். துறைமுக வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்க ஆதார் நகல் வேண்டும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வரட்டும். அடைப்பு மூடியை அவனையே இழுக்கச் சொல்கிறேன்.