க்ரீட் 2: முதல் பாகத்தோட தொடர்ச்சியா, ராக்கி 4-ஓட பழைய பாக்கியா?

கடைசிபெஞ்ச்:
க்ரீட் 2 (2018) மறுபடி பார்த்தேன். பேருதான் க்ரீட் 2, கதை 1985-ல வந்த பாக்ஸிங் படம் ராக்கி 4-க்குத்தான் இரண்டாம் பாகம். 2015-ல வந்த முதல் க்ரீட் படத்துல டைரக்டர் ரயன் கூக்ளர், பாக்ஸர் அப்பல்லோ க்ரீடோட மகன் அடோனிஸைத் தனியாளா நிக்க வெச்சார். அப்பன் பேரே வேணாம்னு ஜான்சன்ங்கிற பேர்ல ரிங் ஏறினவன் அவன். இதுல அவனை மறுபடி அப்பன் சாவுக்குள்ள தள்ளிட்டாங்க. ராக்கி 4-ல அப்பல்லோவை ரிங்லயே அடிச்சுக் கொன்ன ரஷ்ய பாக்ஸர் இவான் டிராகோ, இப்ப மகன் விக்டரோட வர்றான். மிச்சக் கதையை யாரும் சொல்லிடலாம்.

இடதுகைக்காரன்:
தனியாளா நின்னானா? முதல் படத்துல, தன் கோச் ராக்கியும் அப்பல்லோவும் அந்தக் காலத்துல மோதின சண்டை வீடியோவைப் பெருசா ஓடவிட்டு, அதுக்கு முன்னாடி நின்னு குத்துவானே, ஞாபகம் இருக்கா? அவன் போடுறது ராக்கியோட குத்து. வாங்குறது அவன் அப்பன். அந்தக் கோபம் எங்க தீர்ந்துச்சு?

அதுமட்டுமில்ல பாஸ், முதல் படத்தோட கடைசிச் சண்டையில சாம்பியன் கான்லன்கிட்ட தோத்தான், ஆனா லிவர்பூல் கூட்டமே அவனுக்குக் கை தட்டுச்சு. இதுல அப்படியே தலைகீழ். மண்டி போட்டுக் கிடக்கிற அடோனிஸை விக்டர் அடிச்சதால விக்டர் தகுதிநீக்கம். சாம்பியன் பெல்ட் அடோனிஸ்கிட்டதான் இருக்கு, ஆனா விலா எலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கிறதும் இவன்தான். முதல் படம் தெரிஞ்சவனுக்குத்தான் இந்த வலி முழுசாப் புரியும்.

சினிமாகிறுக்கன்:
சண்டைக் காட்சியைப் பத்தி யாருமே பேசலையே! முதல் படத்துல ஸ்பொரினோங்கிற பாக்ஸரோட அடோனிஸ் போடுற சண்டை முழுக்க ஒரே ஷாட். கேமரா கயித்துக்குள்ள நின்னு அவங்களோடயே சுத்தும். ஸ்டீவன் கேப்பிள் ஜூனியர் இயக்கின இந்த ரெண்டாம் படத்துல அந்த மாதிரி ஒண்ணுகூட இல்ல. இதுல எனக்கு ஏமாற்றம்தான்.

கடைசிபெஞ்ச்:
@இடதுகைக்காரன், தலைகீழ்னு நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்துல மனசைத் தொட்ட இடம் எது? மாஸ்கோவுல நடக்கிற கடைசிச் சண்டையில மகன் அடி வாங்குறதைப் பார்க்க முடியாம, தோல்வியை ஒத்துக்கிட்டுச் சண்டையை நிறுத்த இவான் டவலை வீசுறான் பாருங்க, அது. ராக்கி 4-ல அப்பல்லோவைக் காப்பாத்த ராக்கி வீசாத டவல். அருமையான இடம்தான். ஆனா அது டிராகோவோட காட்சி. ஹீரோ எங்க?

இடதுகைக்காரன்:
ஹீரோ வீட்டுல இருக்கான். அடோனிஸோட காதலி பியான்காவுக்குக் காது மெல்ல மெல்லப் போயிட்டிருக்குன்னு முதல் படத்துல சும்மா ஒரு தகவலா வந்துட்டுப் போகும். இதுல அவங்களுக்குப் பொண்ணு பிறக்குது, அதுக்கும் காது கேட்கலைன்னு பரிசோதனைல தெரிய வருது. அப்பனைப் பத்தியே நினைச்சுட்டிருந்தவன் இப்ப தானே ஒரு அப்பன். இது ராக்கி 4-லயிருந்து வந்ததா? கூக்ளர் போட்ட விதைங்க.

சினிமாகிறுக்கன்:
கடைசில ராக்கி ரிங்குக்குள்ள ஏறாம வெளியவே உட்கார்ந்துடுவாரே, அதையும் சேர்த்துக்கோங்க. பழைய கணக்கெல்லாம் இதுல முடிஞ்சதாலதான் 2023-ல மூணாம் பாகத்தை, ராக்கியா வர்ற ஸ்டாலோன் நடிக்காமலே, அடோனிஸா நடிக்கிற மைக்கேல் பி. ஜோர்டான் இயக்க முடிஞ்சுது.

கடைசிபெஞ்ச்:
ஆக, கணக்கு முடிக்கத்தான் ஒரு முழுப் படம்? அதைத்தானே பாஸ் நானும் முதல்லயிருந்து சொல்றேன்!