புதுப்பிப்பு: ஆர்வி டிவியில் படம் தெளிவாக வருகிறது

அரிசோனாவில் லேக் பிளெசன்ட் ஏரிக்கரையில் ஆர்வியை (தங்கும் வசதியுள்ள பயண வண்டியை) நிறுத்தினால் டிவி படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பீனிக்ஸ் நகர டிவி நிலையங்களின் ஒளிபரப்புக் கோபுரங்கள் சவுத் மவுண்டன் மலைமேல் இருக்கின்றன. எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) வரைபடத்தில் திசை பார்த்து, கூரை ஆன்டெனாவைத் தெற்கு-தென்கிழக்காகத் திருப்பினோம். சுவரில் உள்ள பூஸ்டர் (ஆன்டெனா சிக்னலைக் கூட்டும் கருவி) சுவிட்சைப் போட்டதும் பக்கத்தில் சின்ன விளக்கு எரிந்தது. டிவியில் ‘ஆன்டெனா’ என்று வைத்து மறுபடி சேனல் ஸ்கேன், அவ்வளவுதான். முகாமின் கேபிளில் இணைக்கும்போது மட்டும் அந்த சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஊர் மாறினால் ஸ்கேனும் புதிதாகச் செய்ய வேண்டும்.

அப்புறம், சாட்டிலைட் டிஷ் வாங்கச் சொன்ன நண்பருக்கு: அதற்குத் தெற்கு வானம் மறைவில்லாமல் தெரிய வேண்டும். நாங்கள் அடுத்துப் போவது பைன் காட்டுக்கு. அதனால் இப்போதைக்கு வாங்கவில்லை.