புதுப்பிப்பு: மெல்க், டூர்ன்ஸ்டைன் இரண்டும் பார்த்தாயிற்று

டான்யூப் கப்பல் பயணத்தில் ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்குக்கு ஒரு பகல்தான். மெல்க் மடமா, டூர்ன்ஸ்டைன் கோட்டையா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுமே முடியும் என்றவர்களுக்கு நன்றி.

காலையில் மெல்க். 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழும் இடம். இன்றைய மஞ்சள் நிறக் கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. தேவாலயத்தின் தங்கப் பூச்சைவிட நூலகமே என்னைக் கட்டிப்போட்டது. கூரைவரை பழுப்புத் தோல் அட்டைகள், முதுகில் பொன்னெழுத்து. வழிகாட்டி அவசரப்படுத்தியதுதான் வருத்தம்.

பிறகு கப்பலின் மேல்தளம். இருபுறமும் கல்லடுக்கிக் கட்டிய படிப்படியான திராட்சைத் தோட்டங்கள். இந்த நேரத்தில் தயவுசெய்து அறைக்குள் தூங்கிவிடாதீர்கள்!

டூர்ன்ஸ்டைனில் தேவாலயத்தின் நீலக் கோபுரத்தைக் கடந்து இடிந்த கோட்டைக்கு ஏறினோம். இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை, சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடித்து, 1192இல் ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்ட் சிறைவைத்த இடம். அவரை விடுவிக்கக் கொடுத்த மீட்புப் பணத்தில் ஒரு பங்கு வியன்னாவின் மதில்களுக்குப் போனதாம்! ஏற்றம் செங்குத்து, கல் பாதை கரடுமுரடு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே கடைத்தெருவிலேயே இருந்து பாதாமி ஜாம் வாங்கலாம். மற்றவர்கள் நல்ல காலணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அவசியம் ஏறுங்கள்.