பேலியோவா, விரதமா, அளவுச் சாப்பாடா? ஒரு வருடம் தாண்டியவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 42 வயது, எடை 79 கிலோ. மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.1% வந்திருக்கிறது, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எடை குறைந்தால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாம் என்கிறார் டாக்டர்.

முதலில் சோறு, மாவுப் பண்டங்களைத் தவிர்க்கும் பேலியோ முறையில் இருந்தேன். காலையில் 100 பாதாம், மதியம் முட்டை, இரவு கோழி. மூன்று மாதத்தில் 8 கிலோ இறங்கியது. ஆனால் வீட்டில் நாலு பேருக்குச் சோறு வடித்து, குழம்பு தாளித்துவிட்டு, நான் மட்டும் தனித் தட்டோடு உட்காருவது மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. செவ்வாய், வெள்ளி கறியும் கிடையாது. பொங்கலோடு விட்டேன், ஆறே மாதத்தில் அத்தனை எடையும் திரும்பிவிட்டது.

அப்புறம் 16 மணி நேர விரதம். தினமும் பதினோரு மணிக்குத் தலைவலி. இரண்டு வாரம்தான் தாங்கினேன்.

இப்போது ஒரு மாதமாக அளவுச் சாப்பாடு. ஒரு கரண்டி சோறு, இரண்டு கரண்டி பொரியல், ஒரு கிண்ணம் சுண்டல். ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. மெதுவுதான், ஆனால் பசி தெரியவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் சராசரி எடைக் குறைவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மிகவும் மாறியிருக்கிறது. அதனால்தான் உங்கள் அனுபவத்தைக் கேட்கிறேன்.

குறைத்த எடையை ஒரு வருடத்துக்கு மேல் தக்க வைத்தவர்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள்? வீட்டுச் சமையலோடு எப்படிப் பொருத்திக்கொண்டீர்கள்? குறிப்பாக, இரவுக்கு இட்லி, தோசைக்குப் பதில் என்ன சாப்பிடுகிறீர்கள்?